பசுமை வீட்டைப் பார்க்கப் போனால் சோலார் பலகையைக் கடைசியில் பாருங்கள்

சென்னையில் வீடு கட்டப் போகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்களும் 'பசுமை வீடு' என்று பெயர் எடுத்த இரண்டு மூன்று வீடுகளை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். நல்ல வழக்கம். ஆர்க்கிடெக்ட் தான் கட்டிய வீட்டுக்கு அழைத்துப் போவார். இல்லையென்றால் தெரிந்தவர் வழியாகக் கேட்டுப் போகலாம். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் நேராக மொட்டை மாடிக்கு ஏறி சோலார் பலகைகளைப் படம் எடுப்பார்கள். பிறகு பூச்சில்லாத செங்கல் சுவரையும் முற்றத்துத் துளசி மாடத்தையும் பார்த்துவிட்டுக் காபி குடித்துக் கிளம்பிவிடுவார்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் உண்மையில் மிச்சப்படுத்தும் இடங்கள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. மேற்குச் சுவர், கூரையின் அடிப்பக்கம், ஜன்னல் எவ்வளவு திறக்கிறது என்பது, தண்ணீர்க் குழாய்களின் பாதை, ஓர் ஆண்டின் ஆறு கரண்ட் பில்கள்: இவற்றைப் பார்த்துவிட்டுப் பலகைக்குப் போவதே சரியான வரிசை.

வீட்டுக்குள் வரும் வெயிலைத் தடுக்காமல், காற்றுக்கும் வழி விடாமல், நான்கு ஏசி மாட்டி அவற்றை ஓட்ட ஐந்து கிலோவாட் சோலார் போட்ட வீடும் பசுமை வீடு என்ற பெயரில்தான் உலாவுகிறது. அதே பணத்தில் கூரையையும் மேற்கு ஜன்னல்களையும் சரிசெய்திருந்தால் இரண்டு ஏசியும் மூன்று கிலோவாட்டும் போதுமாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையின் வெயில் ராஜஸ்தானின் வெயில் அல்ல. இங்கே காற்றில் ஈரம் அதிகம். இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்காது. அதனால் வறண்ட ஊர்களில் அருமையாக வேலை செய்யும் பல உத்திகள் இங்கே படுத்துவிடும். ஈரப்பதம் கூடிய காற்றில் தண்ணீர் ஆவியாவது குறைவு என்பதால் ஏர் கூலரும் நனைத்த வெட்டிவேர் தட்டியும் மே மாத மாலையில் புழுக்கத்தைத்தான் கூட்டும். தரைக்கு அடியில் குழாய் புதைத்துக் காற்றைக் குளிர வைக்கும் முறையை யாராவது பெருமையாகக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டித்தான் இருக்கும். சென்னையில் அது 28 டிகிரிக்கு மேல். அந்தக் குழாயில் கிடைக்கும் குளிர்ச்சி சொற்பம், உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிப்பதோ நிச்சயம்.

எந்த நேரத்தில் போவது

காலை பதினோரு மணிக்கு எந்த வீடும் சுகமாகத்தான் இருக்கும். கத்திரி வெயில் நாட்களில் மாலை ஆறு மணிக்குப் போய் எட்டு மணி வரை இருங்கள். காரணம் இருக்கிறது. ஆறு அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுவதும் குடித்த வெப்பம் கீழ்ப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். மேலே வெயில் இறங்கிய பிறகுதான் உள்ளே கூரை உச்சச் சூட்டில் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஃபேன் அனல் காற்றைக் கொட்டுவது இதனால்தான். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. கூரையை ஒட்டிய சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது. போதாததற்குக் கூரையே நம் தலைக்கு மேல் வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கும்.

கையடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை எடுத்துப் போங்கள். மேல்மாடி அறையின் கூரை அடிப்பக்கத்தையும், அதே அறையின் உள்சுவரையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் இருந்தால் கூரை வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. ஐந்தாறு டிகிரி கூடுதலாகக் காட்டினால், மேலே என்ன பெயிண்ட் அடித்திருந்தாலும் அந்தக் கூரை தன் வேலையைச் செய்யவில்லை.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு முறை போங்கள். மழைநீர்க் குழாய் எங்கே வழிகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கூரை: முதல் செலவு இங்கேதான்

தனி வீட்டிலும், அடுக்ககத்தின் கடைசி மாடியிலும் உள்ளே வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் வருகிறது. மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு கூரைக்கு ஒரே ஒரு எண்ணை வைத்திருக்கிறது. கூரையின் 'யூ' மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கும் வாட் அளவு, 1.2ஐத் தாண்டக் கூடாது.

150 மி.மீ. கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால் இந்த மதிப்பு சுமார் 3.5. அதன் மேல் நம் ஊர் வழக்கப்படி நான்கு அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும் போட்டால் கிட்டத்தட்ட 2.4க்கு இறங்கும். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் போதாது. தளத்துக்கு மேல் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். என்ற வெப்பத்தடுப்பு நுரை அட்டை போட்டால் 0.9 அளவுக்கு வந்துவிடும், 50 மி.மீ. போட்டால் 0.5. மொத்தக் கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. ஒரு வீட்டில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

வெப்பத்தடுப்பு தளத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்தால் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் தளம் வெயிலில் காய்ந்து தினமும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் விரிசல் விட்டு ஒழுகும், ஒழுகுவது சீலிங் மறைப்பில் தெரியவும் தெரியாது. மேலே வைக்கும்போது வரிசை முக்கியம்: தளம், நீர்த்தடுப்புப் பூச்சு, அட்டை, அதன் மேல் சரிவுடன் கலவை, கடைசியில் வெள்ளை ஓடு. அட்டைகளின் இணைப்பில் இடைவெளி விட்டால் அந்த வழியாக வெப்பம் இறங்கும்.

வெள்ளைப் பூச்சு தனியாகவும் பயன் தரும். பழைய வீட்டுக்கு அதுவே மிக மலிவான சிகிச்சை. சுண்ணாம்பு அடித்தாலும் வித்தியாசம் தெரியும். ஆனால் சென்னைத் தூசியில் ஒரு மழைக்காலம் கழிந்தால் வெள்ளை பழுப்பாகிவிடும். பூச்சு எந்த ஆண்டு அடித்தது, மாடியை எப்போது கடைசியாகக் கழுவினார்கள் என்ற இரண்டு கேள்விகளில் அதன் நிலவரம் வெளிவந்துவிடும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடு ஒன்றைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் சிறு செங்கற்களை நெற்றிப்பக்கமாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் ஜல்லிக் கலவையைக் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த கூரை அது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்தார்கள். கனமும், உயரமான கூரையும், மேலே வெப்பக் காற்று வெளியேறும் துவாரங்களும் சேர்ந்துதான் அந்த வீடுகளைக் குளிர வைத்தன. ஒன்பதரை அடி உயரக் கான்கிரீட் அறையில் அலங்காரத்துக்கு நாலு தேக்குக் கட்டை ஒட்டினால் அந்தக் குளிர்ச்சி வராது.

மாடித் தோட்டத்தைக் கூரைக் குளிர்ச்சிக்காக வைத்தோம் என்று சொன்னால், மண்ணின் ஆழத்தைக் கேளுங்கள். ஒரு அடி ஆழ ஈர மண் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 500 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடப்படும் பளு சதுர மீட்டருக்கு 150 கிலோ மட்டுமே. தளம் முழுக்க மண் கொட்டும் எண்ணம் இருந்தால் கம்பி கட்டும் முன்பே ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். பைகளாக வைப்பதென்றால் உத்தரங்களுக்கு மேலே வருமாறு, தரையில் படாமல் ஸ்டாண்டு மேல் வைப்பது நல்லது. பைக்கு அடியில் தேங்கும் ஈரம்தான் முதலில் தளத்தைக் கெடுக்கிறது.

மேற்குச் சுவரும் ஜன்னலும்

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு பாதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். எனவே வடக்குச் சுவரை 'வெயில் படாத பக்கம்' என்று விட்டுவிட முடியாது. அதே சமயம் வடக்கிலும் தெற்கிலும் வெயிலைத் தடுப்பது எளிது, ஏனென்றால் அங்கே சூரியன் உயரத்தில் இருக்கிறது. நாலடி உயரத் தெற்கு ஜன்னலுக்கு மார்ச், செப்டம்பர் நண்பகலில் ஒரு அடி சன்ஷேடு போதும். சூரியன் தாழ்ந்து வரும் டிசம்பரில்தான் மூன்றடி தேவைப்படும். அந்த மாதத்தில் கொஞ்சம் வெயில் உள்ளே வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

மேற்கில் கணக்கே வேறு. மே மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். நாலடி ஜன்னலை முழுதாக நிழலில் வைக்க ஆறடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு வேண்டும். யாரும் அப்படிக் கட்டப் போவதில்லை. எல்லா ஜன்னலுக்கும் ஒரே மாதிரி ஒன்றரை அடி சன்ஷேடு போட்ட வீட்டைப் பார்த்தால், திசை பார்த்து வரைந்த வரைபடம் அல்ல அது என்று முடிவு கட்டலாம். மேற்கில் வேலை செய்பவை வேறு: குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூம் ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளுவது, செங்குத்துத் தடுப்புகள், ஓட்டைச் செங்கல் ஜாலி, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. வெளியே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் ஏற்கெனவே அறைக்குள்தான் இருக்கிறது.

மரம் வைக்க இடம் இருந்தால் புங்கமும் பூவரசும் மேற்குக்கு நல்ல தேர்வு. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நகரம் முழுக்கச் சாய்ந்தவற்றில் குல்மொஹர் போன்ற மென்மரங்கள் ஏராளம். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் எதை நடுகிறோம் என்பதில் அந்த அனுபவத்தை மறக்கக் கூடாது.

காற்றுக்கு வருவோம். ஈரமான ஊரில் உடல் குளிர்வது காற்றோட்டத்தால்தான். சம்ஹிதா இதற்கும் ஓர் அளவு சொல்கிறது: சென்னை போன்ற வெப்ப-ஈரப் பகுதியில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும். 120 சதுர அடிப் படுக்கையறைக்கு 20 சதுர அடி. இப்போது பரவலாகப் போடும் 4 அடிக்கு 4 அடி யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு 16 சதுர அடி. ஒரு கதவு எப்போதும் இன்னொன்றின் பின்னால் நிற்பதால் திறப்பது 8 மட்டுமே. கொசுவலை காற்றை இன்னும் குறைக்கும். அதே இடத்தில் 5 அடிக்கு 4 அடியில் வெளியே திறக்கும் கீல் ஜன்னல் இருந்தால் 18 சதுர அடி கிடைக்கும். கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். டேப் ஒன்றை எடுத்துப் போய் ஓர் அறையை அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது.

அளவு மட்டும் போதாது, வந்த காற்று வெளியேற எதிர்ப்பக்கத்தில் வழி வேண்டும். கடற்காற்று நண்பகலுக்குப் பிறகு கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் நுழைகிறது. அந்தப் பக்கம் வரவேற்பறையும் படுக்கையறையும், எதிரே சமையலறையோ மாடிப்படியோ இருந்தால் காற்று வீட்டைக் கடந்து போகும். படிக்கட்டின் உச்சியில் திறக்கும் ஜன்னல் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். சூடான காற்று மேலே போய் வெளியேறும் புகைபோக்கி அதுதான்; அதைத் திறக்க முடியாத கண்ணாடியால் அடைத்த வீடுகள் நிறைய.

முற்றத்திலும் இதே சிக்கல்தான். அரை கிரவுண்டு மனையில் ஆறடிக்கு ஆறடி முற்றம் வைத்து, மழையும் கொசுவும் வராமல் இருக்க மேலே பாலிகார்பனேட் மூடிவிடுகிறார்கள். அதோடு அது முற்றம் என்ற வேலையை நிறுத்திவிட்டு வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டியாகிவிடுகிறது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஒரு அடியாவது கிராதி விட்டு உயர்த்தி மூடியிருக்க வேண்டும்.

சுவர் எதனால் கட்டியது

இதில் பேச்சு அதிகம், வித்தியாசம் குறைவு. காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லான ஏ.ஏ.சி. பிளாக் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், பூச்சு விரிசல் விடும், கனமான பொருள் மாட்டத் தனி ஆணி வேண்டும். ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'ராட் ட்ராப்' (எலிப்பொறி) கட்டு முறையில் செங்கற்களை நெற்றியில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். செங்கல் நாலில் ஒரு பங்கு வரை மிச்சமாகும், அந்த வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கும். பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால் வெற்றிடத்தைக் கலவை கொட்டி நிரப்பிவிடுவார்கள். பெயர் மட்டும் மிஞ்சும்.

பூச்சில்லாத செங்கலையோ மண் பிளாக்கையோ பார்த்தால் வடக்கு, கிழக்குச் சுவர்களுக்குப் போங்கள். வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிப்பது அங்கேதான். கூரை விளிம்பு இரண்டடியாவது வெளியே நீட்டவில்லையென்றால் இணைப்புகளில் கலவை அரித்து, உள்பக்கம் ஓதம் தெரியும். தரையிலிருந்து இரண்டடி வரை மழைத் தெறிப்பு. அந்த உயரத்துக்குக் கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ இருப்பது விவரம் தெரிந்தவர் கட்டியதற்கு அடையாளம். கடலோரத்தில் உப்பு பூத்த செங்கலைப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள், தூளாக உதிரும்.

தண்ணீர்: குழாயைத் தொடர்ந்து நடங்கள்

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதனால் 'மழைநீர் சேகரிப்பு இருக்கிறது' என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். மாடியிலிருந்து ஒரு குழாயைத் தேர்ந்தெடுத்து அது முடியும் இடம் வரை நடந்து பாருங்கள். பல வீடுகளில் அது வாசல் சிமென்ட் தரைக்கு அடியில் எங்கோ மறைந்துபோகும். யாருக்கும் முடிவு தெரியாது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. ஆவியாவது, வழிவது போக எண்பது சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவுப்படி நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு சுமார் 1,97,000 லிட்டர் வேண்டும். பாதித் தேவை மாடியிலேயே விழுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு இரவெல்லாம் காத்திருந்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் என்னவென்றால் அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் அந்த மாடியிலிருந்து 9,000 லிட்டர் வரும். எனவே நல்ல அமைப்பில் இரண்டு கட்டம் இருக்கும்: முதலில் வடிகட்டி வழியாகச் சம்ப் என்ற தரையடித் தொட்டி, சம்ப் நிறைந்ததும் வழிவது தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணற்றுக்கு. கூரையில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துவரும் முதல் மழையை வெளியேற்ற ஒரு வால்வு வேண்டும். அதைத் திருப்பும் பொறுப்பு வீட்டில் யாருடையது என்று கேளுங்கள். யாருடையதும் இல்லை என்றால் சம்பில் வண்டல் சேர்ந்திருக்கும்.

மீள்நிரப்புக் கிணறு ஊர்ப்பகுதிக்கு ஏற்ப மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் மூன்றடி விட்டம், பன்னிரண்டு பதினைந்து அடி ஆழத்தில் துளையிட்ட உறைகளை இறக்கினால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். களிமண் பகுதிகளில் அதே கிணறு தொட்டியாகத்தான் நிற்கும். களிமண் அடுக்கைத் தாண்டி மணலோ சிதைந்த பாறையோ தட்டும் வரை நடுவில் ஒரு துளை போட்டுக் குழாய் இறக்க வேண்டும். கிணற்றை ஜல்லியும் மணலும் கொட்டி நிரப்பியிருந்தால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யவும் வழியில்லை. காலியாக விட்டு மேலே மூடி போடுவதே சரி. அதற்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி ஒன்று. குழாய்கள் அதன் அடிமட்டத்துக்கு ஓர் அடி மேலே சேர வேண்டும், அப்போதுதான் மண் கீழே தங்கும். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேரே போர்வெல்லில் விடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. போர் அடைபடும், நிலத்தடி நீரும் கெடும். வீட்டுக்காரர் சம்மதித்தால் 500 லிட்டரைக் கிணற்றில் ஊற்றி, மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்க்கலாம். இவற்றை மாதிரிகள் வைத்தே மக்களுக்கு விளக்குவதற்காகத்தான் 2002இல் மந்தைவெளிப் பக்கம் மழை மையம் தொடங்கப்பட்டது.

குளியல், துணி துவைக்கும் தண்ணீர் அடுத்தது. ஆளுக்கு 135 லிட்டரில் குளிக்க 55, துவைக்க 20. நாலு பேருக்குத் தினமும் 300 லிட்டர். கழிவறை ஃப்ளஷுக்கு வேண்டியது 120 லிட்டர்தான். இதை ஜல்லி நிரப்பிய பாத்தியில் கல்வாழையும் கோரையும் வைத்துச் சுத்தப்படுத்தி ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் விடலாம். சமையலறைத் தண்ணீர் எண்ணெயோடு வருவதால் அதைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. சோப்புத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றம் எடுக்கும். பாத்தியில் தண்ணீர் மேலே தெரிந்தால் கொசு. ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளியல் குழாயும் கழிவறைக் குழாயும் கட்டும்போதே தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். பிறகு சுவரை உடைத்துப் பிரிக்க யாரும் துணிவதில்லை.

கரண்ட் பில், பிறகு சோலார்

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஓர் ஆண்டின் ஆறு பில்களையும் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். உண்மையில் சிக்கனமான வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்து நீட்டுவார். ஆறையும் கூட்டி வீட்டின் சதுர மீட்டரால் வகுத்தால் வீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் எண் கிடைக்கும். சோலார் இருந்தால் பில்லில் இருக்கும் நிகர யூனிட்டை வைத்து ஏமாறாதீர்கள். இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தியிலிருந்து கிரிடுக்கு, அதாவது மின்வாரியக் கம்பிகளுக்கு, போன யூனிட்டைக் கழித்து, அங்கிருந்து வாங்கியதைக் கூட்டினால்தான் வீடு எவ்வளவு உண்கிறது என்று தெரியும்.

பழைய ஃபேன் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம், நாலு ஃபேனில் 160. 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழடுக்குகளுக்கும் விலை ஏறிவிடும் என்பதால், விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இந்த 160 பெரிய தொகை.

இனி மாடிக்கு ஏறலாம். ஒரு கிலோவாட் சோலாருக்கு நிழலில்லாத நூறு சதுர அடி வேண்டும். சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் சுமார். 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். பலகை தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்பதைக் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் பார்க்க வேண்டும். ஒரு பலகையின் மூலையில் விழும் நிழல் அதோடு தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும்.

கடலோர வீடுகளில் துரு எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பாருங்கள். கால்வனைஸ் செய்த கம்பத்தை மாடியிலேயே வெட்டி வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். இரண்டே மழைக்காலத்தில் அங்கே பழுப்புக் கோடு ஓடும். போல்ட் போட்டு இணைத்த அமைப்பும் துருப்பிடிக்காத ஸ்டீல் நட்டுகளும்தான் இங்கே தாங்கும். இந்திய நிர்ணயப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். கீழே துணி காயப்போட இடம் வேண்டுமென்று எட்டடி உயரத்தில் பலகையைத் தூக்கி வைத்தவர்கள், கம்பத்தின் அடித்தட்டு எதில் பதிந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் தட்டோட்டில் பதித்த ஆணி புயலில் நிற்காது.

'கரண்ட் போனால் சோலார் ஓடுமா' என்று எல்லோரும் கேட்பார்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு ஓடாது. கிரிடு நின்றதும் அதுவும் நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. வெள்ளம் தேங்கும் பகுதி என்றால் இன்வெர்ட்டரும் பேட்டரியும் மீட்டர் பெட்டியும் எந்த உயரத்தில் என்று பாருங்கள். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவற்றை மூழ்கடித்தன. சம்ப் மூடி தெரு மட்டத்துக்குக் கீழே இருந்தால் சாக்கடையும் அதற்குள்தான் வரும்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள்

தனி வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு 'நமக்கு ஒத்துவராது' என்று திரும்ப வேண்டாம். மாடி பொதுச் சொத்து என்பதால் தனி இணைப்புக்குச் சோலார் போடுவது சச்சரவில் முடியும். லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு ஓடும் பொது மீட்டருக்குப் போடுவதற்கு ஒப்புதல் எளிதாகக் கிடைக்கும். கடைசி மாடிக்காரர்களுக்காகக் கூரைக்கு வெப்பத்தடுப்பு போடும் செலவை, எப்படியும் செய்ய வேண்டிய நீர்த்தடுப்பு வேலையோடு சேர்த்துச் சங்கக் கூட்டத்தில் வைக்கலாம். வீட்டுக்குள் செய்யக்கூடியவை ஃபேன், மேற்கு பால்கனிக்கு மூங்கில் தட்டி, காற்றைக் கலந்து தண்ணீர்ச் செலவைக் குறைக்க குழாய்களுக்கு ஏரேட்டர்.

வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் வைத்த அடுக்ககம் ஏதாவது இருந்தால் தேடிப் போய்ப் பாருங்கள். பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு செங்குத்துக் குழாய்கள் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் மீட்டர் வைத்து அளவைக் கூட்ட வேண்டும். புதிதாகக் கட்டுபவரிடம் ஒரே ஒரு நுழைவுக் குழாய் கேட்டுவிட்டால் ஒரு மீட்டரில் முடிந்துவிடும். அதை வரைபட நிலையிலேயே கேட்க வேண்டும்.

பழைய கட்டட அறிவை நிதானமாகப் பார்க்க முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. தென்மாநிலங்களிலிருந்து பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்திய செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, கேரளத்து மரவீடு எல்லாம் அங்கே உண்டு. கூரை விளிம்பு எவ்வளவு தாழ்ந்து வருகிறது, திண்ணை நிழலின் ஆழம் என்ன என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த அளவுகள்தான் உங்கள் ஆர்க்கிடெக்டிடம் பேசும்போது கைகொடுக்கும்.